"என் உரிமை"ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி

இன்னைக்கு எபிசோடுக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். தலைப்பு கொஞ்சம் சூடானது: சோஷியல் மீடியாவில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதும், அதைச் சுத்தி நடக்கிற சண்டையும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை. பகல்ல கோட் எழுதுற ஆள். ஆனா ஒரு சிஸ்டத்தைப் புரிஞ்சுக்கணும்னா அதோட டாக்குமென்டேஷனைப் படிக்கணும்னு நாலு வருஷ இன்ஜினியரிங்கும் அதுக்கப்புறம் பார்த்த வேலையும் சொல்லிக் கொடுத்திருக்கு. அரசமைப்புச் சட்டமும் ஒரு டாக்குமென்டேஷன்தான். நம்மில் பெரும்பாலானோர் அதைப் படிக்காமலேயே அதன் பெயரில் சண்டை போடுகிறோம்.

இந்தச் சண்டைகளைக் கவனிச்சுப் பாத்தீங்கன்னா, எந்தக் கட்சி, எந்த ஊர், எந்தப் பிரச்சினையா இருந்தாலும் மூணு வசனம் கண்டிப்பா வரும். ஒண்ணு, "இது என் ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச், நீ யார் கேக்க?" ரெண்டு, "அரசாங்கத்தைப் பத்தி எழுதினா உள்ள தூக்கி வச்சிருவாங்க, நமக்கு எதுக்கு வம்பு?" மூணு, "நீ எந்தக் கட்சி?" இந்த மூணையும் ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் வசனம்: "இது என் ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்"

யாரோ ஒருத்தர் உங்க பதிவுக்குக் கீழ "இது முட்டாள்தனம்"னு எழுதுறார். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து அட்மின் உங்களைத் தூக்கிடறார். இதுல எதுவும் உங்க பேச்சுரிமை மீறல் கிடையாது. திட்டினவருக்கும் அதே உரிமை இருக்கு. அட்மின் அரசாங்கம் இல்லை.

அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. யார் "அரசு" என்பதை 12-ஆம் உறுப்பு சொல்லுது: மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசு, சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், மற்ற அதிகார அமைப்புகள். அதாவது உங்க ஊர் பஞ்சாயத்தும் அரசுதான், கார்ப்பரேஷனும் அரசுதான். தனியார் கம்பெனி பொதுவா இந்தப் பட்டியலில் வராது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 19, 21-ஆம் உறுப்புகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோர முடியும்னு பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லியிருக்கு. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் போகும்னு இனிமேல்தான் தெரியும். இப்போதைக்கு, ஒரு சண்டையில் உரிமைன்னு வாயைத் திறக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி: "எதிர்ல இருக்கிறது அரசா, இல்ல இன்னொரு ஆளா?"

அடுத்து, "ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட் ரைட்ஸ்"னு நம்ம ஆட்களே எழுதுறதை நிறையப் பார்த்திருக்கேன். அது அமெரிக்கா. அங்கே முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காப்பாத்துது. நம்ம நாட்டின் முதல் திருத்தம், 1951-ல் வந்தது, பேச்சுரிமைக்குப் புதுக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது! அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை நம்ம ஊர்க் கதை.

ரொமேஷ் தாப்பர் என்பவர் பம்பாயில் 'கிராஸ் ரோட்ஸ்'னு ஒரு வார இதழ் நடத்தினார். இடதுசாரி இதழ். அப்போதைய மதராஸ் அரசு, 1949-ஆம் ஆண்டு பொது ஒழுங்குச் சட்டத்தை வச்சு, அந்த இதழ் மாகாணத்துக்குள்ள வரவே கூடாதுன்னு தடை போட்டது. அவர் நேரா உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது: தடை செல்லாது. காரணம், அன்னைக்கு இருந்த 19(2)-ல் "பொது ஒழுங்கு"ங்கிற வார்த்தையே இல்லை. லிஸ்ட்ல இல்லாத காரணத்தைச் சொல்லிப் பேச்சைத் தடுக்க முடியாது.

மத்திய அரசு என்ன பண்ணுச்சு? லிஸ்ட்டையே மாத்துச்சு. 1951-ல் "பொது ஒழுங்கு", "வெளிநாடுகளுடன் நட்புறவு", "குற்றம் செய்யத் தூண்டுதல்" எல்லாம் உள்ளே வந்தன. ஆனா அதே திருத்தத்தில் "நியாயமான" கட்டுப்பாடுகள் என்ற வார்த்தையும் சேர்ந்தது. அது சின்ன வார்த்தை மாதிரி தெரியும். அதனாலதான் இன்னைக்கும் ஒரு கட்டுப்பாடு நியாயமானதான்னு நீதிமன்றம் எடை போட்டுப் பார்க்க முடியுது. இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்த 15(4)-உம் அதே திருத்தத்தில் வந்ததுதான். அதுவும் மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை வழக்கில் தொடங்கின கதை. அதனால முதல் திருத்தத்தை முழு வில்லனாவும் பார்க்க முடியாது, முழு ஹீரோவாவும் பார்க்க முடியாது.

1963-ல் பதினாறாவது திருத்தம். "இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு"ங்கிற காரணம் சேர்ந்தது. திராவிட நாடு கோரிக்கை அதற்கு முக்கியப் பின்னணி. ஆக, 19(2)-ன் இன்றைய வடிவத்தில் ரெண்டு முக்கியமான கமிட் நம்ம மாநில அரசியலால் வந்தது.

இப்போ அந்த லிஸ்ட்ல எட்டுக் காரணங்கள் இருக்கு: இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அவ்ளோதான். "மனசு புண்பட்டுச்சு" இந்த எட்டுல இல்லை. "அரசுக்குக் கெட்ட பேர்" இல்லை. "ஊருக்கு அசிங்கம்" இல்லை. அடுத்த தடவை ஒருத்தர் "இதையெல்லாம் தடை பண்ணணும்"னு எழுதினா, இந்த எட்டுல எதுன்னு கேளுங்க. பாதி விவாதம் அங்கேயே தெளிவாயிடும்.

இரண்டாவது வசனம்: "உள்ள தூக்கி வச்சிருவாங்க"

இதைச் சிரிச்சுக் கடந்துபோக எனக்கு மனசு வரலை. இந்தப் பயம் காரணமில்லாம வந்தது இல்லை.

2012 நவம்பர். பால் தாக்கரே இறந்ததுக்கு மும்பை அடைக்கப்பட்டுது. ஏன் இப்படி ஊரையே மூடணும்னு பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்ல எழுதினார். இன்னொரு பெண் அதை லைக் பண்ணார். ரெண்டு பேரும் கைது. அதே வருஷம் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர், அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதுக்காகக் கைதானார். ரெண்டு சம்பவத்திலும் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. "எரிச்சல்", "அசௌகரியம்" உண்டாக்கும் செய்தி அனுப்பினா மூணு வருஷம் வரை சிறைன்னு சொன்ன பிரிவு அது. எரிச்சல் வராத ஒரு விவாதத்தை இன்டர்நெட்ல காட்டுங்க பார்ப்போம்.

ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குப் போட்டார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-வை முழுசா ரத்து பண்ணுச்சு. அந்தத் தீர்ப்பு பேச்சை மூணு படியாப் பிரிச்சுது. ஒரு விஷயத்தை விவாதிப்பது முதல் படி. அதை ஆதரிச்சுப் பேசுவது இரண்டாவது. தூண்டிவிடுவது மூன்றாவது. முதல் ரெண்டும், கேட்கிறவருக்கு எவ்வளவு பிடிக்காமப் போனாலும், பாதுகாக்கப்பட்ட பேச்சு. மூணாவது படிக்குப் போனாத்தான் சட்டம் உள்ளே வர முடியும்.

நல்ல தீர்ப்பு. ஆனா என் தொழில்ல ஒரு அனுபவம் உண்டு: பேட்ச் ரிலீஸ் ஆயிடுச்சுன்னா பிரச்சினை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. எத்தனை சர்வர்ல அப்டேட் ஆச்சுன்னு பாக்கணும். 66ஏ ரத்தானதுக்கு அப்புறமும் பல மாநிலங்களில் போலீஸ் ஸ்டேஷன்கள் அதே பிரிவில் வழக்குப் பதிஞ்சுக்கிட்டே இருந்தன. பியூசிஎல் அமைப்பு மறுபடி உச்ச நீதிமன்றம் போச்சு. 2019-ல் தீர்ப்பின் நகலை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பச் சொன்னாங்க. 2022 அக்டோபரில் "இந்தப் பிரிவில் யார் மேலயும் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையில் இருக்கிற வழக்குகளிலும் அதை நீக்கணும்"னு தனியா ஒரு உத்தரவே போட வேண்டி வந்தது. இல்லாத ஒரு சட்டத்தை நிறுத்த ஏழு வருஷம்! அரசின் பொறுப்புடைமைன்னா என்னன்னு ஒரு உதாரணம் கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். தீர்ப்பு தானா ஓடாது, யாராவது ஒருத்தர் விடாம ஃபாலோ-அப் பண்ணணும்.

சரி, இன்னைக்கு எழுதுறவங்க எதில் கவனமா இருக்கணும்? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா இருக்கு. அதில் பிரிவினருக்கு இடையே பகையைத் தூண்டுறது 196-ஆம் பிரிவு, அவதூறு 356-ஆம் பிரிவு. அவதூறு நிரூபணமானா இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கலாம். அவதூறைக் குற்றமா வச்சிருக்கிறது செல்லும்னு 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இது நிஜமான ரிஸ்க். ஆனா இந்த ரிஸ்க் எங்கே இருக்குன்னு தெரிஞ்சா எழுதுறது ஈஸி.

இங்கே இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு கை கொடுக்குது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போகுதுன்னு தெரிஞ்சதும், அதிகாரிகள் தரப்பிலிருந்து வெளியிடக் கூடாதுன்னு எச்சரிக்கை வந்தது. நக்கீரன் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. தீர்ப்பின் சாரம்: அரசோ, உள்ளாட்சி அமைப்போ, அரசு அதிகாரத்தைச் செலுத்துற வேறு அமைப்போ தன்னை அவதூறு பண்ணிட்டாங்கன்னு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. ஒரு அதிகாரியின் கடமை சார்ந்த செயலைப் பத்தி எழுதினா, அது பொய்னு தெரிஞ்சோ, உண்மையான்னு கொஞ்சமும் கவலைப்படாமலோ எழுதினதா நிரூபிச்சாத்தான் அவர் நஷ்ட ஈடு கேட்க முடியும். ஒரு நியாயமான அளவு சரிபார்த்துட்டு எழுதினோம்னு காட்டினா போதும். இது சிவில் வழக்குக்கான விதி, கிரிமினல் அவதூறு தனி. ஆனாலும் எழுதுறவருக்கு இதுல தெளிவான வழிகாட்டல் இருக்கு.

உதாரணமா, "இந்த அலுவலகம் இத்தனை மாசமா பதில் தரலை"ன்னு எழுதுறது உண்மை சார்ந்த விஷயம், கையில கடிதம் இருக்கும். "இந்தத் திட்டம் தேவையில்லாதது"ன்னு எழுதுறது கருத்து. "இன்னார் இவ்வளவு லஞ்சம் வாங்கினார்"னு பேரைப் போட்டு எழுதுறது குற்றச்சாட்டு. முதல் ரெண்டையும் தாராளமா எழுதலாம். மூணாவதுக்கு ஆதாரம் கையில இருக்கணும். இல்லைன்னா அது போக வேண்டிய இடம் லஞ்ச ஒழிப்புத் துறை, உங்க டைம்லைன் இல்லை. அதே மாதிரி அதிகாரியின் வீட்டு விலாசம், போன் நம்பர், குடும்பப் படம் எதையும் தொடாதீங்க. கேள்வி அவர் உக்காந்திருக்கிற நாற்காலிக்குத்தான், அவர் பிள்ளைகளுக்கு இல்லை.

"சட்டம் ஒழுங்கு கெட்டுடும்"னு ஒரு பதில் அடிக்கடி வரும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் ஞாபகம் இருக்கா? இட ஒதுக்கீடு கொள்கையை விமர்சிச்ச படம். அந்தக் கருத்தோட நீங்க உடன்படாம இருக்கலாம், பலர் கடுமையா எதிர்த்தாங்க. சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் சான்றிதழை ரத்து பண்ணுச்சு. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை மாத்தி, மிரட்டலைக் காரணம் காட்டிப் பேச்சை அடக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிச்சு பேசுறவரைப் பாதுகாக்கிறதுதான் அரசின் கடமைன்னு சொன்னது. நமக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைச்ச பாதுகாப்புதான் நாளைக்கு நம்ம பதிவுக்கும் கிடைக்கப் போகுது. இது ரெண்டு பக்கமும் ஓடுற ரோடு.

மூன்றாவது வசனம்: "நீ எந்தக் கட்சி?"

எல்லா விவாதமும் கடைசியில வந்து முட்டுற சுவர் இது. ரோட்டுல பள்ளம்னு எழுதினா, "போன ஆட்சியில நீ எங்க போயிருந்தே?"ன்னு வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனீங்கன்னா பள்ளம் அங்கேயேதான் இருக்கும், விவாதம் மட்டும் 1967-க்குப் போயிடும்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்து காகிதம். ஆட்சி மாறினாலும் ஃபைல் மாறாது.

என் ஃபிரெண்ட் ஒருத்தன், ஒரு சின்ன நகராட்சியில் இருக்கான், பேரும் ஊரும் வேண்டாம். அவன் தெருவில் போட்ட ரோடு ஒரு மழைக்காலம் தாங்கலை, ஜல்லி வெளிய வந்துடுச்சு. ஊர் ஃபேஸ்புக் குரூப்ல "கமிஷன் அடிச்சுட்டாங்க"ன்னு யாரோ எழுத, ரெண்டு நாள் சண்டை. ரெண்டு கட்சிக்காரங்களும் ஒருத்தர் பாட்டனை இன்னொருத்தர் இழுத்தாங்க. நடுவுல ஒருத்தருக்கு "கேஸ் போடுவோம்"னு இன்பாக்ஸ்ல மிரட்டல் வேற. பாதிப் பேர் பதிவை அழிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு உறுத்தினது அதுதான். வரி கட்டின தெருக்காரங்களே, தங்க ரோட்டைப் பத்திப் பேசப் பயந்து போனாங்க.

இவன் ஒரு ஆர்டிஐ போட்டான். வெள்ளைப் பேப்பர், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "ஏன் ரோடு மோசமா இருக்கு?"ன்னு கேக்கலை. அப்படிக் கேட்டா பதில் வராது. அதிகாரியின் கருத்தையோ விளக்கத்தையோ உருவாக்கித் தரச் சொல்லி ஆர்டிஐ-ல் கேட்க முடியாது, இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இவன் கேட்டது நாலு: பணி ஆணையின் நகல், மதிப்பீடு, எம்-புக் பக்கங்கள், காண்ட்ராக்ட்டில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவுன்னு சொல்ற பக்கம். பதில் வந்தது. அந்தப் பொறுப்புக் காலம் இன்னும் முடியலை. அதாவது காண்ட்ராக்டர் சொந்தச் செலவில் சரிபண்ணிக் கொடுக்கணும்.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் குரூப்ல போட்டான். யாரையும் திருடன்னு சொல்லலை. "இந்தத் தேதி வரைக்கும் பொறுப்பு இருக்கு, எப்போ சரி பண்ணுவீங்க?"ன்னு மட்டும் கேட்டான். அதுக்குக் கீழ "நீ எந்தக் கட்சி"ன்னு கேக்க யாராலயும் முடியலை. சில வாரத்தில் ஆள் வந்து பள்ளத்தை மூடினாங்க. முழு ரோடும் புதுசா வந்துடுச்சான்னா, இல்லை. ஆனா மிரட்டலுக்குப் பயந்து பதிவை அழிச்சவங்க ரெண்டு பேர், அடுத்த மாசம் தெருவிளக்குக்கு அவங்களே மனு எழுதினாங்க. எனக்கு அது ரோட்டை விடப் பெரிய விஷயமாப் பட்டது.

ஆர்டிஐ-யோட ஸ்பெக் சுருக்கமா: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஏன் கேக்கிறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரணும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். வரலைன்னா அதே துறையில் முதல் மேல்முறையீடு, 30 நாளுக்குள்ள. அதுவும் சரியில்லைன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாம தாமதிச்ச அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. வேலை நடக்கிற இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்தின பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் கூட இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. இது பல பேருக்குத் தெரியாது.

குறைகளும் இருக்கு. ஆணையங்களில் வழக்கு தேங்கி நிக்குது. தனிநபர் தகவலைத் தராமல் இருக்க அனுமதிக்கும் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் இருந்தா கொடுக்கலாம்னு இருந்த வாசகத்தை 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டது. 8(2)-ல் பொதுநலன் விதிவிலக்கு இன்னும் இருக்கு, அதைக் குறிப்பிட்டுத்தான் மனு எழுத வேண்டியிருக்கும். இதைப் பத்தியும் நாம பேசணும், சத்தமா.

இந்தச் சட்டமே எங்கிருந்து வந்ததுன்னு நினைச்சுப் பாருங்க. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் சட்டம் வந்தது, ஆனா விதிவிலக்குகள் நிறைய. அதுக்கு முன்னாடியே ராஜஸ்தான் கிராமங்களில் கூலித் தொழிலாளர்கள், அரசு வேலையில் தங்களுக்குக் கொடுத்ததா எழுதியிருந்த கூலிக் கணக்கை ஊர் நடுவில் உரக்கப் படிக்க வச்சாங்க. 1996-ல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தாங்க. அவங்க யாரும் சட்டம் படிச்சவங்க இல்லை. அவங்க கேட்டது ரசீது. பதிவேட்டில் செத்தவங்க பேருக்கும் கூலி போயிருந்தது தெரிஞ்சப்போ, அங்கே நின்னவங்களுக்கு "நீ எந்தக் கட்சி"ன்னு கேக்கத் தோணியிருக்காது.

கடைசியா ஒண்ணு. அரசே "எது உண்மை, எது பொய்"னு முத்திரை குத்தினா இந்தச் சண்டையெல்லாம் தீர்ந்துடுமேன்னு சிலர் கேக்கிறாங்க. 2023-ல் மத்திய அரசு அப்படி ஒரு உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி கொண்டுவந்தது. மத்திய அரசைப் பத்தின தகவல் பொய்யான்னு மத்திய அரசின் பிரிவே சொல்லும். குணால் காம்ராவும் மற்றவர்களும் வழக்குப் போட, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து பண்ணிடுச்சு. சொந்தக் கோடை எழுதினவனே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ணிக்கிறதை எந்த டீம்லயும் ஒத்துக்க மாட்டோம். நாட்டுக்கும் அதே விதிதான்.

அதனால அடுத்த தடவை கை துறுதுறுக்கும்போது மூணு விஷயம் பாருங்க. நான் கேள்வி கேக்கிறது அரசையா? நான் சொல்றது உண்மையா, கருத்தா, குற்றச்சாட்டா? இதுக்கு எந்த ஆபீஸ்ல எந்தக் காகிதம் இருக்கும்? மூணாவதுக்குப் பதில் தெரிஞ்சா, பதிவு போடறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்துக்கு ஒரு மனு போட்டுடுங்க. கிராமத்தில் இருக்கிறவங்களுக்கு இன்னும் நல்ல மேடை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளும் கிராம சபை. அங்கே கேட்ட கேள்வியை யாரும் பிளாக் பண்ண முடியாது, தீர்மானப் புத்தகத்தில் ஏத்தச் சொல்லலாம்.

ஆர்டிஐ மனு எழுதுறதில் சந்தேகம் இருந்தா கேளுங்க, அடுத்த எபிசோடில் ஒரு மனுவை ஆரம்பத்தில் இருந்து சேர்ந்தே எழுதுவோம். அதுவரைக்கும், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ரெண்டு வாங்கி வச்சுக்கோங்க.